ஹேண்டில் இல்லாத லாரி

வள்ளித்தாய்க்கு,

லாரி வாசல்ல நிக்குத வரைக்கும் வரமாட்டேன்னு புளியங்குடியில உன் ஐயா வீட்டிலேயே இருந்துட்டே. உன் கோபம் நியாயந்தான். ஆனா இது பழைய லாரி இல்லட்டி. புது டீசல் எஞ்சினும் செல்ஃப் ஸ்டார்ட்டரும் வச்சாச்சு. நம்ம மகன் பாண்டி எஞ்சினைக் கிளப்ப முன்னால நின்னு சுத்தும்போது திருப்பி நெஞ்சில அடிச்சு அவன் உயிரை எடுத்துச்சே, அந்த ஹேண்டிலைப் பாழுங்கிணத்துல போட்டுட்டேன். இனிமே பொத்தானை அமுக்குனா போதும், முன்னால ஆள் நிக்க வேண்டாம்.

நேத்து கோமதியம்மன் சன்னதித் தெருவில சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சேன். எஞ்சின் பிடிச்சதும் பழக்கத்துல தலையை வெளிய நீட்டி, "ஏலே பாண்டி, விலகு"ன்னு கத்திட்டேன்.

முன்னால யாருமில்லை. சுத்தி நின்னவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவன் விலகட்டும்னு கொஞ்சம் பொறுத்துத்தான் வண்டியை எடுத்தேன்.

உன் வீட்டுக்காரன்