பச்சை மிளகுக்கு வந்த ஏணி

பட்டாளத்து ஆஸ்பத்திரி, அசாம்
12-3-1944

அன்புள்ள அண்ணன் அர்த்தனாரி அவர்களுக்குத் தம்பி செங்கோடன் கும்பிட்டு எழுதுவது.

நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் சௌக்கியமா? பதினாறு மாதமாக ஒரு வரி எழுதாதவன் இப்போது நலம் கேட்கிறானே என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நியாயந்தான்.

ரோடு போடும் இடத்தில் பாறை சரிந்து என் இடது கை நசுங்கிவிட்டது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். பயப்பட வேண்டாம், புண் ஆறி வருகிறது. படுத்தே கிடப்பதால் யோசிக்க நேரம் இருக்கிறது. அதுதான் தொந்தரவு.

என் பலாமரத்தில் ஏறியிருந்த உங்கள் மிளகுக்கொடியை அடியோடு வெட்டியது நான்தான். பாகம் பிரித்தபோது அப்பா மரத்தை எனக்கும் கொடியை உங்களுக்கும் கொடுத்தாரே, அந்த வயிற்றெரிச்சலில் வெட்டினேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். அது பொய். என் பெண்டாட்டி அத்தாயி பிரசவத்தில் பிள்ளையோடு இறந்துபோன பதினைந்தாம் நாள் நீங்கள் ஏணியும் கூடையுமாக வந்தீர்கள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொடியை அண்ணாந்து பார்த்தீர்கள், என்னைப் பார்க்கவில்லை. நீங்கள் போனதும் கொடுவாளை எடுத்தேன். மறுநாள் மலை இறங்கிப் பட்டாளத்தில் சேர்ந்தேன்.

இத்தனை நாளும் அதைக் கோபம் என்றே நினைத்திருந்தேன். போன வாரம் பக்கத்துக் கட்டில்காரன் பெண்டாட்டியை நினைத்து வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன் அண்ணா. அத்தாயிக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. அழுது முடித்துப் பார்த்தால் உங்கள்மேல் இருந்த கோபத்தைக் காணோம்.

என்னை ஊருக்கு அனுப்பப்போகிறார்கள். உங்கள் ஊட்டுப் படி ஏறலாமா, கூடாதா? அதைமட்டும் எழுதுங்கள்.

தங்கள் தம்பி
செங்கோடன்


வளப்பூர் நாடு, கொல்லிமலை
10-4-1944

தம்பி செங்கோடனுக்கு அண்ணன் அர்த்தனாரியின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "ஐயோ சாமி, எந்தக் கைங்க? சோறு திங்கிற கையா?" என்று அலறினாள். இடது கை என்றேன்.

கொடியை வெட்டியது யார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வெட்டு இடப்பக்கமிருந்து சாய்ந்து இறங்கியிருந்தது. நம் ஊரில் இடக்கையால் கொடுவாள் பிடிக்கிறவன் நீ ஒருத்தன்தானேடா. தெரிந்தும் பெரியசாமி கோயிலுக்குப் போனேன். காலணாவை உளியால் இரண்டாக வெட்டி, கொடியை வெட்டியவன் கை விளங்காமல் போகட்டும் என்று சபித்து, சாமி காலடியில் போட்டுவிட்டு வந்தேன். பூசாரி பேர் கேட்டார். தெரியாது என்று சாமி முன்னால் பொய் சொன்னேன்.

கொடிக்காகவா காசு வெட்டினேன்? சொல்லாமல் போய்விட்டாயே, அதற்காக. பட்டாளத்துக்குப் போனவன் திரும்புவானோ மாட்டானோ என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன். பயம் என்று சொல்ல வெட்கம். கோபம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

ஒன்று கேட்கிறேன். நான் ஏணி கொண்டு வந்தது கார்த்திகை மாதம். மிளகு பழுக்கத் தை பிறக்க வேண்டாமா? மலையில் பிறந்தவன் எவனாவது பச்சை மிளகு பறிக்க வருவானா, முட்டாள்? செத்த ஊட்டில் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியாது. வெறுமனே வந்து நிற்கக் கூச்சம். உன்னைப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஏணியில் நின்றபடி, சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமலே இறங்கிப் போய்விட்டேன்.

பூசாரியிடம் போய் எல்லாம் சொல்லிவிட்டேன். காசு வெட்டிப் போட்டவனும், யாரை நினைத்துப் போட்டானோ அவனும் சேர்ந்து வந்து கற்பூரத் தட்டு காட்டினால்தான் அது கழியுமாம். படி ஏறலாமா என்று நீ கேட்டாய். இப்போது நான் கேட்கிறேன், கண்ணு. வருவாயா?

உன் அண்ணன்
அர்த்தனாரி


பட்டாளத்து ஆஸ்பத்திரி, அசாம்
6-5-1944

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தெரிந்தே போட்டீர்களே! மூன்று நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். இது கோபந்தானா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கோபந்தான் அண்ணா, இந்தத் தடவை நிஜமாகவே.

நாலாம் நாள் அந்தப் பச்சை மிளகை நினைத்துச் சிரித்துவிட்டேன். அத்தாயி இருந்திருந்தால் அப்போதே கண்டுபிடித்திருப்பாள். "ஏனுங்க, உங்கண்ணன் பச்சையப் பறிக்க வந்திருக்காரு. ஒரு வாய் சோறு போடட்டுங்களா?" என்றிருப்பாள். எனக்கு அந்தப் புத்தி இல்லை. நானும் அன்றைக்குக் கொடியைத்தான் பார்த்தேன், உங்களைப் பார்க்கவில்லை.

என் கையை எடுத்தது பாறை. அதே பாறையில் என் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு உயிரே போய்விட்டது. அவர்களுக்கு யார் காசு வெட்டினார்கள்? அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

ஆனாலும் கோயிலுக்குப் போவோம். ஆடி பிறப்பதற்குள் வந்துவிடுவேன். மலையடிவாரத்துக்கு வாருங்கள். ஏணி, கூடை ஒன்றும் வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள். கற்பூரத் தட்டின் ஒரு பக்கத்தை நீங்கள் பிடித்தால், மறுபக்கம் பிடிக்க எனக்கு ஒரு கை போதும்.

உங்கள் தம்பி
செங்கோடன்