திரும்பி வந்த ஏலக்காய்

என் அப்பு மாணிக்கம்,

நீ லீட்ஸ் நகரத்தில் படிக்கும்போது எழுதிய ஏழு கடிதங்களைப் பிரிக்காமல் தகரப்பெட்டியில் போட்டுவைத்தவள் நான்தான். பன்னிரண்டு வருடம். இதில் வேறு யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பிரித்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியாமலே போய்விட்டது. போய்ச் சேர்ந்ததும் நீ போட்ட முதல் கடிதத்துக்கு நான் மூன்று நாள் உட்கார்ந்து பதில் எழுதினேன். பொட்டலம் கட்டி வந்த பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் என் கையால் எழுதிய முதல் கடிதம் அது. போடியில் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும்போது நிறம் குலையாத காயாக நாலு எடுத்து உள்ளே வைத்தேன். முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அது அப்படியே திரும்பி வந்தது. "திரும்பிருச்சு ஆத்தா" என்று தபால்காரர் நீட்டினார். மேலே ஊதா மையில் ஏதோ இங்கிலீஷ். நான் யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. எதற்குக் கொடுக்க வேண்டும்? மாதிரிக்கு அனுப்பிய காய் திரும்பி வந்தால் பிடிக்கவில்லை என்றுதான் எங்கள் கடையில் அர்த்தம். காரணம் கேட்கிற வழக்கமே இல்லை. பிரித்துக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டான், அதற்குப் பிறகு அவன் போட்ட ஏழையும் நானும் பிரிக்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் உன் காரியம் முடிந்ததும் உன் பொண்டாட்டி சரசு அந்த உறையைப் பார்த்தாள். "மதினி, இந்த ஆளு இந்த வீட்ல இல்ல, எங்கயோ போயிட்டாருன்னு போட்டுருக்கு. வீடு மாறிருப்பாக" என்றாள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

நான் பிரிக்காத ஏழில் முதல் கடிதத்திலேயே நீ புது விலாசம் எழுதியிருக்கிறாய். கூரை ஒழுகியதால் மாறினாயாம். தெரு முழுக்க ஒரே மாதிரிச் செங்கல் வீடு என்பதால் யார் வீட்டுக் கதவையோ திறக்கப் பார்த்தாயாம். அந்த அம்மாள் துடைப்பத்தோடு வந்தாளாம். படித்துச் சிரித்தேன் அப்பு. சிரித்துவிட்டு, இதற்குப் பன்னிரண்டு வருடம் முன்னால் சிரித்திருக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

நாலாவது கடிதத்தில் சிரிப்பு இல்லை. "போடிமெட்டுல குளுருச்சுன்னா ஜீப்பு ஏறி வெரசா கீழ எறங்கிரலாம். இங்க எறங்க எடமே இல்லக்கா. படிப்ப விட்டுட்டு வந்துரவா? ஒரு வரி எழுது, வந்துர்றேன்."

கடைசிக் கடிதத்தில், "நீ பதில் போடாததையே பதிலா எடுத்துக்கிட்டேன்க்கா" என்று எழுதியிருக்கிறாய். யாருமில்லாத ஊரில் என் பேச்சில்லாமலே பல்லைக் கடித்துப் படித்து முடித்திருக்கிறாய். என்ன நினைத்திருப்பாய் என்னைப் பற்றி?

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊருக்கு வந்த அன்றைக்கு, "லெட்டரெல்லாம் வந்துச்சாக்கா?" என்று கேட்டாய். "வந்துச்சு. பெட்டில இருக்கு" என்றேன். பொய் சொல்லவில்லை. ஏன் எழுதவில்லை என்று அடுத்த வார்த்தை நீ கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மெட்ராஸுக்குப் போனாய்; நல்லது கெட்டதுக்கு விருந்தாளி மாதிரி வந்து போனாய்; பிறகு நெஞ்சுவலி என்று தந்திதான் வந்தது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஏழு கடிதத்தையும் சரசு மெட்ராஸுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்க வேண்டும். உன் மகள் வளர்ந்து எந்த ஊருக்குப் படிக்கப் போனாலும், அத்தை எழுதவில்லை என்றால் ஏன் என்று கேட்டுச் சண்டை போட வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பிரிக்காத கடிதம் கிடந்தால் இன்றைக்கே பிரிக்க வேண்டும். நான் ஏழுக்கும் பதில் எழுத வேண்டும், எழுதுவேன். நாலாவதுக்கு இப்போதே எழுதிவிட்டேன், ஒரு வரிதானே நீ கேட்டாய்.

வந்துரு அப்பு.

உன்னோடு பிறந்தவள்,
ராசிங்காபுரத்து அக்கா