கனகாம்பரத்துக்குப் போன தண்ணீர்

செப்டம்பர் 4, வியாழன்
வெயில் இறங்கவே இல்லை. காற்று முழுக்கப் புழுதி. காலையில் டிராக்டரில் செம்மண் ஒரு லோடு. வாசல் கரிசல் விரல் நுழையும் அளவு வெடித்துக் கிடக்கிறது. அதன் மேல் நானும் ஜெயாவும் பரப்பினோம். அவளுக்கு இடுப்பு வலி. எனக்குக் கையில் கொப்புளம். முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் தோட்டம் வரைந்து காட்டிய கை.

கிராஃப் தாளில் பிளான் ரெடி. போனில் பார்த்த வெளிநாட்டு வீட்டு முற்றம் மாதிரி. பூவும் காயும் கலந்து, பாத்தி கட்டாமல்.

வேண்டியவை: கனகாம்பரம், பிச்சி, செம்பருத்தி 2, நித்தியகல்யாணி, கத்தரி, தக்காளி, வேலிக்கு அவரை.

"தண்ணிக்கு என்ன செய்யப் போறீக?" என்றாள் ஜெயா. பிளானில் அது இல்லை.

செப். 8, திங்கள்
அருப்புக்கோட்டை நர்சரி. நாற்பது செடி, இரண்டு சாக்கு. பஸ்ஸில் கண்டக்டர்: "என்ன சார், காட்டையே பேத்துட்டு வாரீக?"

இருட்டும் முன் எல்லாம் நட்டாயிற்று. தெரு இறக்கத்தில் நாலு வீடு தள்ளி இருக்கும் முத்துலட்சுமி, கேட்காமலே ஒரு கூடை மக்கிய சாணி கொண்டுவந்து கொட்டினாள். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். "இப்ப நட்டிருக்கக் கூடாது சார். மழை விழட்டும்னு இருந்திருக்கலாம்" என்றாள். சிரித்து மழுப்பினேன்.

செப். 12, வெள்ளி
செடிகள் தலை தொங்கிவிட்டன. கத்தரி ஆறு போச்சு.

குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம். குடத்துக்கே சரியாக இருக்கும். இன்று அரை எச்.பி. மோட்டாரைக் குழாயோடு மாட்டி, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினேன். நாற்பது நிமிடம். சின்டெக்ஸ் நிறைந்தது.

ஜெயா: "கடைசி வீடுகளுக்கு ஏறாதுங்க."
நான்: "இந்த ஒரு தடவை."

செப். 16, செவ்வாய்
இன்னொரு தடவை. கனகாம்பரத்தில் முதல் பூ. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். தெருக்கடைசி நாலு வீட்டில் வெறும் காற்றுத்தான் வந்ததாம். ஜெயா கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப். 20, சனி
எழுதவே கை வரவில்லை.

இன்றும் ஓட்டினேன். ஏழு மணிக்குத் தெருவில் சத்தம். கடைசி வீட்டுப் பாண்டியம்மாள் காலிக் குடத்தோடு முத்துலட்சுமி வீட்டு வாசலில்.

"ஏண்டி, உன் மாட்டுத்தொட்டி மட்டும் எப்படி நெறைஞ்சு கெடக்கு? மோட்டார் போட்டு உறியிறவ நீதானே?"

"எங்கிட்ட ஏதுக்கா மோட்டாரு? தொட்டித் தண்ணி தோட்டத்துக் கெணத்துல இருந்து நான் சொமந்தது. எம் மாட்டு மேல சத்தியம்."

கூட்டம் கூடிவிட்டது. வீட்டுக்குள் புகுந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒளித்துவிட்டாள் என்றார்கள். பிறகு யாரோ, "சாரு சொல்லட்டும்யா. அவுக சொன்னாச் சரியா இருக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முத்துலட்சுமியும். நான் சொன்னது: "தண்ணீர் எல்லாருக்கும் பொது. யாராக இருந்தாலும் பொறுப்பாக நடந்துகொள்ள வேண்டும்."

யாராக இருந்தாலும்! எப்படி வாய் வந்தது? அவள் வீட்டுக் குழாயை அங்கேயே கழற்றி அடைத்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து காபி குடித்தேன்.

செப். 21, ஞாயிறு
ஜெபத்துக்குப் போகவில்லை, தலைவலி என்று. முத்துலட்சுமி சைக்கிளில் இரண்டு குடம் கட்டி, தோட்டத்துக் கிணற்றுக்கும் வீட்டுக்குமாக நாலு நடை. ஜன்னலைச் சாத்தினேன்.

ஜெயா ஒரே வார்த்தை: "போய்ச் சொல்லுங்க."

செப். 24, புதன்
மோட்டாரைக் கழற்றிப் பரணில் போட்டேன். இனி ஓட்டாவிட்டால் போதும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

தண்ணீர் கடைசி வீடு வரை போனது. பாண்டியம்மாள் தெருவில் நின்று கத்துகிறாள்: "பாத்தீகளா! அவ குழாயை அடைச்சதும் எப்படி வருது பாருங்க!"

நான் நிறுத்தியதே முத்துலட்சுமிக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

செப். 25, வியாழன்
மாலையில் முத்துலட்சுமி வீட்டுக்குப் போனேன். பால் கறந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். "அந்த மோட்டார் என்னுடையது, அம்மா."

திரும்பவில்லை. "தெரியும் சார்."

"எப்படி?"

"உங்க மோட்டார் ஓடுறப்ப எங்குழாயில கைய வச்சா உள்ள இழுக்கும். மேல இருந்து இழுக்குற இழுப்பு. மேல செடி வச்சிருக்கது நீங்கதானே."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? சாரு மேல பழி போடுறான்னு இன்னும் ரெண்டு சேத்து ஏசியிருப்பாக." செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? ஏசுனவுக தெருவுல இருக்காக."

செப். 26, வெள்ளி
பரணிலிருந்து மோட்டாரை இறக்கி, கையில் தூக்கிக்கொண்டு பாண்டியம்மாள் வாசலுக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சொன்னேன்.

பிறகு பாண்டியம்மாள், "சாரு தெரியாமச் செஞ்சிருப்பாக."

"தெரிந்துதான் செய்தேன்."

"அட விடுங்க சார். செடி மேல ஆசை. மனுசனுக்கு இருக்கது தானே."

ஒருவர் சிரித்தார். ஒருவர் நாற்காலி போட்டார், உட்காரச் சொல்லி. முத்துலட்சுமியை ஆறு நாள் திருடி என்றார்கள். என்னை இரண்டு நிமிடத்தில் மன்னித்துவிட்டார்கள். அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். "சொல்லுவோம், சொல்லுவோம்." குழாயை மட்டும் மாட்டிக் கொடுத்தார்கள். அதுவும் நான் கூடவே நின்றதால்.

செப். 27, சனி
மழை இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் பதினெட்டுச் செடிக்குத்தான் வரும். எதை விடுவது? அவரையும் பிச்சியும் இருக்கட்டும். கனகாம்பரத்தை விட்டேன்.

செப். 28, ஞாயிறு
காலையில் தண்ணீர் வரும் முன் தெருக்கூட்டம். வீட்டுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்து நோட்டில் எழுதுவதாக முடிவு. நோட்டை யார் வைத்துக்கொள்வது?

பாண்டியம்மாள்: "சாரே வச்சுக்கிரட்டும். படிச்சவுக."

இன்னுமா? எனக்குக் காது சுட்டது. "வேண்டாம். முத்துலட்சுமியிடம் கொடுங்கள்" என்றேன்.

அவள் புல்லுக்கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றாள். "எனக்கு எதுக்கு? மாட்டைப் பாப்பேனா, நோட்டைப் பாப்பேனா? சாரே எழுதட்டும்." கொஞ்சம் நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி: "தண்ணி விடுற அன்னைக்கெல்லாம் நான் வந்து சரி பாத்துக்கிருவேன்."

சரி என்றேன்.