பதவி உயர்வு

ஜூன் 10, செவ்வாய்

இவருக்கு இன்று பதவி உயர்வு ஆணை வந்தது. மகன் போனில், "அப்பாவுக்கு கங்கிராட்ஸ் சொல்லும்மா" என்றான். பெரிய அறை, கார் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு கோப்பும் வராத இடம். ஏரியை வளைத்துப் போட்டவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியதற்குப் பரிசு.

சாப்பிடும்போது, "உன் ஜப்பான்காரர் கதை எதுல நிக்குது?" என்று கேட்டார். நான் மொழிபெயர்ப்பது ஷோகன் என்ற படைத்தலைவர்களின் ஆட்சியில், அவர்கள் இருந்த எடோ நகரத்தை நிர்வகித்த அதிகாரியின் வாழ்க்கை. அந்த நகரத்துக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு அலுவலகங்கள். ஒரு மாதம் இதன் வாசல் திறந்திருக்கும், மறுமாதம் அதன் வாசல். கதையில் வரும் அதிகாரி வடக்கு.

"நாடகக் கொட்டகைய எல்லாம் மூடச் சொல்லி மேல இருந்த மந்திரி உத்தரவு போட்டான். கூடாதுன்னாரு. புரமோஷன் குடுத்துத் தூக்கிட்டாங்க."

வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று!

"அப்புறம்?"

"திரும்ப வந்துட்டாரு. அதே ஊருக்கு, தெற்கு ஆபீஸ்ல."

"தூக்கினவன்?"

"அவன் பதவி போச்சு."

இன்னொரு கரண்டி ரசம் கேட்டார்.

ஷோகன் ஆட்சியில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. இவருக்கு வரும் மார்ச்சோடு சர்வீஸ் முடிகிறது. அதை நான் சொல்லவில்லை. அந்த அதிகாரி எத்தனை வருஷம் கழித்துத் திரும்பினார் என்று இவரும் கேட்கவில்லை.