தோற்கவாவது விட்டிருக்கலாம்

அன்பு மாப்பிள்ளை குமரேசா,

நேற்றுக் காலை கிள்ளானில் கொமியூட்டர் ரயில் ஏறியதும், உன் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. அமெரிக்க உட்கட்சித் தேர்தல் முடிவுகளைப் போனில் திறந்தேன். யாரும் கேள்விப்படாத ஒருத்தி, பல தவணை பதவியில் இருந்தவரைத் தோற்கடித்து அந்தக் கட்சியின் வேட்பாளராகிவிட்டாள். "பார்த்தியா மாப்ளே" என்று பக்கத்து இருக்கைக்குத் திரும்பினேன். யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்.

நாம் சேர்ந்து வேலைக்குப் போன நாட்களில், பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் வரும்வரை உனக்கு இதே பேச்சுதான். "அங்க வேட்பாளர மேலிடம் போடறதில்ல லா மச்சான், ஜனங்க ஓட்டுப் போட்டு எடுக்கறாங்க. கையெழுத்து வாங்கிட்டு வெளியாளும் நிக்கலாம். தோத்தாலும் பரவால்ல, அவன் கெளப்புன விஷயத்த ஜெயிச்சவன் பேசித்தானே ஆகணும்?"

"வெளியாள் வந்து கட்சியையே கவுத்துட்டா?" என்று சீண்டுவேன்.

"அதுவும் நடக்கும்" என்று சிரிப்பாய்.

அந்த ஆசையில்தான் நம் கட்சிக் கிளையில் தலைவரை எதிர்த்து நின்றாய். மழைக்கு மழை நம் தாமான் குடியிருப்பில் வீடுகளுக்குள் வரும் சாக்கடைத் தண்ணீரைப் பற்றிக் கூட்டத்தில் பேச வேண்டும், அவ்வளவுதான் உனக்கு. ஒருவர் உன் பெயரை முன்மொழிந்தார். வழிமொழிவதாகச் சொல்லியிருந்தவன் நான்.

"வழிமொழிய யாரு?" மூன்று முறை கேட்டார்கள். தலைவர் என்னையே பார்த்தார். என் மகளின் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தவர் அவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன் பெயர் தள்ளுபடியானது. ஒரு வார்த்தைகூட உன்னைப் பேச விடவில்லை. ஜெயிக்க வை என்றா கேட்டாய்? தோற்க ஒரு வாய்ப்புக் கேட்டாய். அதையும் நான் தரவில்லை.

வெளியே வந்து கடையில் எனக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தாய். ஏனடா திட்டவில்லை? இரண்டே மாதத்தில் மாரடைப்பில் போய்விட்டாய். மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், பாவி.

போன வாரம் உன் மனைவி, என் தங்கச்சி, வீட்டுக்கு வந்தாள். இந்த ஞாயிறு கிளைக்கூட்டத்தில் அவள் நிற்கிறாளாம், அதே சாக்கடைக்காக.

"அண்ணே, நீங்கதான் வழிமொழியணும். அவரு நின்னப்பவும் நீங்கதானே எந்திரிச்சீங்க? 'எல்லாரும் கைவிட்டாங்க, உங்கண்ணன் மட்டும் எனக்காக நின்னாரு'ன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனாரே."

அவளிடம் அப்படியா சொன்னாய்? உண்மையைச் சொல்லாமல், சரி என்று அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமையே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை முதல் முறை கேட்கும்போதே எழுந்துவிடுவேன். இது சத்தியம்.

உனக்காக எழுந்து நின்றதாக நீ சொல்லிவிட்டுப் போன,
உன் மச்சான் செல்வம்