2.40க்கு அறுந்த பிரஸ் லைன்

3, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கம்ப்யூட்டர்களைச் சேர்க்கும் பழைய லேனைப் புது ஏடிஎம் நெட்வொர்க்கோடு இணைத்து ஐந்தாம் நாள். கேன்டீனில் மறுபடி, "ஏடிஎம் வந்துச்சாமே, துட்டு எங்க எடுக்கிறது?"

மேனேஜருக்கு விளக்கம்: லேனில் ஒருவர் கூவினால் எல்லோருக்கும் கேட்கும். இந்த ஏடிஎம் பேங்க் ஏடிஎம் இல்லை, போன் மாதிரி, முதலில் இணைப்பு, அப்புறம்தான் பேச்சு. இரண்டுக்கும் நடுவில் நான் அமைத்த சர்வர். தலையாட்டினார்.

மதியம் 2.40. இன்றுதான் சேர்த்த, தகடு அடிக்கும் பிரஸ் லைனில் கம்ப்யூட்டர் இணைப்புகள் அறுந்தன. பத்து நிமிடத்தில் தானாக வந்தன. தானாகவா?

4, செவ்வாய்
அதே 2.40. ஓடினேன். சர்வர் இருக்கும் ஸ்விட்ச் அறையிலிருந்து எலக்ட்ரீஷியன் ஏகாம்பரம் அண்ணன் வெளியே வருகிறார். சாவி என்னிடமும் அவரிடமும் மட்டும்.

"இன்னாம்மா, இப்டி மூச்சு வாங்குது?"

"நீங்க இங்க என்னண்ணே செய்றீய?"

"ஏசில தண்ணி சொட்டிக்கினு கீது. தொடச்சுட்டுப் போறேன்."

தரை காய்ந்து கிடந்தது. துடைத்ததாலா, சொட்டாததாலா?

5, புதன்
வாங்க: ஷாம்பு, ஊக்கு. அம்மாவுக்கு போன்.
கேள்விப்பட்டது: பழைய லேனின் கேபிள் கான்ட்ராக்ட் ஏகாம்பரம் அண்ணனின் மச்சானுடையது. புதுசு வந்ததும் போய்விட்டது. ஓகோ.
2.40. மறுபடி. அண்ணன் ஸ்விட்ச் அறைப் பக்கம்தான் நின்றார்.

6, வியாழன்
மேனேஜரிடம் சொன்னேன். "சந்தேகம்தான் சார்." சாவியை வாங்கிக்கொண்டு அண்ணனைப் பெயின்ட் ஷாப்புக்கு மாற்றிவிட்டார். கேன்டீனுக்குப் போகவில்லை. செய்தது சரிதான்.

7, வெள்ளி
2.40. அறுந்தது. அண்ணன் பெயின்ட் ஷாப்பில்.

உட்கார்ந்து சர்வர் குறித்துவைத்த லாக் முழுவதும் படித்தேன். 2.30க்கு ஷிஃப்ட் மாற்றம். 2.40க்கு எல்லோரும் ஒரே சமயத்தில் கம்ப்யூட்டரைத் திறக்கிறார்கள், ஒவ்வொன்றும் இணைப்புக் கேட்கிறது. ஒரே நேரத்தில் இத்தனைதான் என்று சர்வரில் ஒரு வரம்பு. மிஞ்சினால் அறுக்கும், நெரிசல் குறைந்ததும் தானாக இணைக்கும். சோதனைக்காகக் குறைத்து வைத்தது. கூட்ட மறந்தது. நான்தான், வேறு யாரும் இல்லை.
கூட்டினேன். ஒரு நிமிட வேலை.

8, சனி
2.40. அறுபடவில்லை.

மேனேஜர்: "சரியாயிடுச்சில்ல, அத்தோட விடும்மா." விடவில்லை. தப்பு என்னுடையது, அண்ணனைப் பழைய இடத்துக்கே மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு பெயின்ட் ஷாப். அண்ணனிடம் எல்லாம் சொன்னேன்.

"மச்சான் கான்ட்ராக்ட் போச்சு, அதான் இவன் அறுக்கிறான்னு நெனச்சுக்கினியா?"

"மன்னிச்சிருங்கண்ணே."

"நாலு நாளா எதிர்லதானே நின்னேன். ஒரு வார்த்த என்னாண்ட கேட்டியா?"

சாயங்காலம் கம்பெனி பஸ். அண்ணன் பக்கத்து சீட்டில் அவர் பை. என்னைப் பார்த்தார். பையை எடுக்கவில்லை. நான் இறங்கும் படப்பை வரை நின்றுகொண்டே போனேன்.