சாவு வீட்டு வாளி

என் மச்சான் சிவாவுக்கு,

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ எழுதிய கம்ப்யூட்டர் கேர்னல் கோடு என் தலையைத் தின்கிறது, தெரியுமா? நீ கண்ணை மூடியதும் அதை ஆபீஸில் என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

உனக்குத் தெரிந்ததுதான். பல கம்ப்யூட்டர்களுக்கு ஒரே டிஸ்க். எந்த மெஷின் அதைத் தொட வந்தாலும் தன் முறைக்கான பூட்டைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு மெஷின் செத்துவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும். அது பாதியில் விட்டதைச் சரிசெய்ய வரும் மெஷின் மட்டும் ஃப்ளாக் என்ற அடையாளக் குறியைப் போட்டுக் கேட்டால், காத்திருக்காமல் பூட்டு கிடைக்கும். நீயும் ஃப்ளாக்கைப் போட்டிருக்கிறாய், சரி. வேலை முடிந்தபின் எடுக்கவில்லையே, ஏண்டா? அந்த மெஷின் இப்போது நிற்க வேண்டிய நேரத்திலும் உள்ளே புகுந்து ஃபைல்களைக் கெடுக்கிறது.

மறந்தாயா, வேண்டுமென்றே விட்டாயா? எத்தனை தடவை வாசித்தும் புரியவில்லை. உன் அப்பா இறந்த மாதத்தில் எழுதிய பகுதி அது என்பது மட்டும் தெரிகிறது.

இங்கே தண்ணீர் பிடிக்கும் பீலியில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் சாவு வீட்டு வாளிக்குத்தானே முதல் தண்ணீர்? நீ போனதிலிருந்து நான்தான் வாளியோடு போகிறேன். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். நேற்றும் அதே நினைப்பில் நேரே முன்னால் போய்விட்டேன். பக்கத்து வீட்டு முத்தம்மாக்கா கையைப் பிடித்தார்.

“கருமாதி முடிஞ்சிருச்சுல்ல தம்பி? கோவிச்சுக்காதீங்க. இனி வரிசையில நில்லுங்க.”

அக்கா சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசியில் போய் நின்றேன். அப்பாவின் கருமாதிக்குப் பிறகு உன்னையும் யாராவது இப்படிப் பின்னால் போகச் சொன்னார்களா மச்சான்? அதனால்தான் ஃப்ளாக்கை எடுக்க மனசில்லாமல் விட்டாயா? சே, நீ வெறுமனே மறந்திருப்பாய். நான்தான் குழம்பிக் கிடக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் உன் தங்கச்சி கேட்கிறாள்: “ஏங்க இவ்வளவு நேரம்? நம்ம வாளிய முன்னுக்கு விடுவாங்களே?”

“பீலியில தண்ணி கம்மி” என்று பொய் சொன்னேன்.

திருத்தம் ஒரே வரிதான்: சரிசெய்து முடிந்ததும் ஃப்ளாக்கை எடு. உன் பெயரையும் போட்டே அனுப்புகிறேன். மெஷினுக்கு அது போதும். இவளுக்கு என்ன சொல்வேன்?

தெரியவில்லை மச்சான். இவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போகும்வரை தண்ணீருக்கு நானே போகிறேன். வரிசையில் பின்னால் நிற்கச் சொல்லி இவளிடம் யாரும் சொல்ல விடமாட்டேன்.

உன் தங்கச்சி புருஷன்,
குமார்